குளிர் அறையின் மின்செலவைக் குறைத்தல்: எதை முதலில் பார்ப்பது?

குளிர் அறையின் மின்கட்டணம் கூடியதும் பலரும் கம்ப்ரஸரையே குறை சொல்கிறார்கள். உள்ளே புகும் வெப்பத்தை வெளியேற்றுவதுதான் கம்ப்ரஸரின் வேலை. புகும் வெப்பம் கூடினால் அது கூடுதல் நேரம் ஓடத்தான் செய்யும். ஆகவே இயந்திரத்தில் கை வைப்பதற்கு முன், வெப்பம் வரும் வழிகளை அடைக்க வேண்டும்.

முதல் படி அளவெடுப்பது. குளிர் அறைக்கெனத் தனி மீட்டர் பொருத்தி, ஒரு வாரத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் யூனிட் கணக்கு, அறை வெப்பநிலை, வெளி வெப்பநிலை ஆகிய மூன்றையும் குறித்து வையுங்கள். வெளி வெப்பநிலையைக் குறிக்காவிட்டால், பின்னர் மின்செலவு குறைந்தது நீங்கள் செய்த மாற்றத்தாலா, வெயில் தணிந்ததாலா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டாவது படி கதவு. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் கேஸ்கட் பிடிக்கவில்லை என்று பொருள். நான்கு பக்கமும், குறிப்பாக மூலைகளிலும், இப்படிச் சோதிக்க வேண்டும். இடைவெளி வழியே வரும் காற்று வெப்பத்தோடு ஈரத்தையும் கொண்டுவருகிறது. அந்த ஈரம், அறைக் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயிலில் பனியாகப் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கிறது. பனியை உருக்க டிஃப்ராஸ்ட் ஹீட்டர் மின்சாரம் எடுக்கிறது. அந்த ஹீட்டர் உள்ளே விட்ட வெப்பத்தையும் கம்ப்ரஸரே மீண்டும் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டி போக வசதியாக இருக்கட்டும் என்று வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரைப் பட்டைகளை வெட்டி எடுப்பதும் இதே நட்டத்தைத்தான் தரும். கதவில்லாத காட்சிப் பெட்டிகளில் சரக்கைக் குறியிட்ட எல்லைக் கோட்டுக்குள் அடுக்குங்கள். கடை மூடியதும் இரவுத் திரையை இழுத்து விடுங்கள்.

அடுத்தது கண்டென்சர், அதாவது உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் பகுதி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தகடுகள் வளையாதபடி அவை ஓடும் திசையிலேயே தூரிகையால் தூசியை நீக்குங்கள். தூசி நீங்கி, கண்டென்சரில் குளிர்பதன வாயு திரவமாகும் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் குறைந்தால், கம்ப்ரஸரின் மின்செலவு ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் குறையும். கண்டென்சரைச் சுற்றி அட்டைப் பெட்டிகளை அடுக்கினால், வெளியேறிய சூடான காற்றே திரும்ப உள்ளே இழுக்கப்படும்.

பிறகு தெர்மோஸ்டாட், அதாவது அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி. உறைபொருளுக்கு மைனஸ் 18 டிகிரி போதும் என்றிருக்க, எதற்கும் இருக்கட்டும் என்று மைனஸ் 23-இல் வைப்பது வீண். ஒரு நேரத்தில் 1 டிகிரி மட்டுமே மாற்றி, பொட்டலங்களுக்கு இடையில் வெப்பமானியை வைத்துச் சரக்கின் வெப்பநிலையைச் சரிபாருங்கள். தெர்மோஸ்டாட் திரையில் தெரியும் எண் அறைக் காற்றின் வெப்பநிலையை மட்டுமே காட்டும்.

டிஃப்ராஸ்ட் அமைப்பைக் கதவு சரியான பிறகே தொடுங்கள். டிஃப்ராஸ்ட் தொடங்குவதற்குச் சற்று முன் காயிலில் மெல்லிய வெண்படலம் மட்டுமே இருந்தால், நாளொன்றுக்கு நடக்கும் டிஃப்ராஸ்ட்களில் ஒன்றை மட்டும் குறைத்துப் பார்க்கலாம். முடிந்த பிறகும் பனிக்கட்டி எஞ்சியிருந்தால் குறைக்காமல், ஹீட்டரும் வடிகாலும் சரியாக இயங்குகின்றனவா என்று தொழில்நுட்பரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.