மிளகின் ஆஸ்பத்திரி நோட்டு: ஸ்பானியலுக்குப் பணம் ஒதுக்குவது எப்படி?

எங்கள் மிளகு கறுப்பு காக்கர் ஸ்பானியல் நாய், பெண், 11 வயது. 2014-இல் அவள் குரோம்பேட்டை வீட்டுக்குக் குட்டியாக வந்த வாரமே ஒரு நோட்டு போட்டேன். டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் அதில் இருக்கிறது. கீழே உள்ள தொகைகள் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும்.

காக்கர் பொதுவாக 12 முதல் 15 வருடம் வாழும். செலவு எல்லா வருடமும் ஒரே மாதிரி வராது. முதல் வருடம் அதிகம், 2 முதல் 7 வயது வரை குறைவு, அதன்பிறகு மறுபடி ஏறும். செலவு குறைந்த அந்த நடு வருடங்களில்தான் வயதான காலத்துக்குச் சேர்க்க வேண்டும்.

முதல் வருடம் தடுப்பூசிகள்: பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வார இடைவெளியில். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். குடற்புழு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் குட்டி என்றால் கருப்பை நீக்கும் ஆபரேஷனுக்கும் அப்போதே பணம் எடுத்து வையுங்கள். நான் அதைத் தள்ளிப்போட்டேன். 6 வயதில் மிளகுக்குக் கருப்பையில் சீழ் பிடித்தது. தண்ணீராகக் குடித்தாள், சாப்பிடவில்லை, இரண்டே நாளில் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவசர ஆபரேஷன், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், 4 நாள் டிரிப்ஸ் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய். முன்பே செய்திருந்தால் 9,000-இல் முடிந்திருக்கும். பணத்தை விடுங்கள், அவள் பட்ட பாடு இன்றும் என் மனதை அறுக்கிறது.

அடுத்தது காது. ஸ்பானியலுக்குத் தொங்கும் காது, உள்ளே அடர்ந்த முடி, காற்றே போகாது. சென்னைப் புழுக்கத்தில் ஈஸ்ட் என்ற பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? தலையை உதறினாலோ காதில் புளித்த வாடை வந்தாலோ அன்றே கூட்டிப்போங்கள். மீதமிருக்கும் பழைய சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். காது அழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்டா பாக்டீரியாவா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அந்தச் சோதனைக்குச் சில நூறு ரூபாய்தான். விட்டுவிட்டால் காதுக்குழாய் தடித்து அடைத்து, குழாயையே வெட்டி எடுக்கும் ஆபரேஷன் வரை போகும். நான் வாரம் ஒருமுறை காது கழுவும் திரவத்தால் துடைக்கிறேன், பட்ஸ் உள்ளே விடுவதில்லை. சாப்பாட்டுக்கு வாய் குறுகிய ஆழமான கிண்ணம். காது இரண்டும் வெளியே விழுந்துவிடும், சோறு ஒட்டாது.

நடு வருடங்களில் வருடாந்திர ஊசி, 3 மாதத்துக்கு ஒரு உண்ணி மாத்திரை, குடற்புழு மருந்து, காது திரவம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 11,000 ரூபாய் வருகிறது. உண்ணி மாத்திரையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்த அணுக்கள் இறங்கி, ரத்தம் ஏற்றும் நிலை வரலாம்.

சேமிக்க நான் செய்தது, மாதம் 1,000 ரூபாய் கட்டும் தபால் நிலைய ஆர்.டி., அதாவது தொடர் வைப்பு. தவணை 5 வருடம். முதலாவது அவளுடைய 5 வயதில் முதிர்ந்தது. அடுத்த வருடம் வந்த அந்த ஆபரேஷனுக்கு அதுதான் கைகொடுத்தது. இரவில் ஓட வேண்டி வந்தால் ஆர்.டி. உதவாது, அதனால் சேமிப்புக் கணக்கில் தனியாக 15,000 எப்போதும் வைத்திருக்கிறேன்.

செல்லப்பிராணி காப்பீடு எடுப்பதானால் குட்டியிலேயே எடுங்கள். வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் கிடைக்காது.

8 வயதுக்கு மேல் பல், கண். பல் சுத்தம் செய்ய மயக்க மருந்து வேண்டும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. காக்கருக்குக் கண் வறட்சி, புரை, கண் அழுத்தம் எல்லாம் வரக்கூடியவை. மிளகுக்கு வறட்சிதான், களிம்பு மட்டும் மாதம் 700, ஆயுள் முழுக்க. கண் காட்ட வேப்பேரிக்குப் போகிறோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அது, கண்ணுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கட்டணம் தனியார் கிளினிக்கைவிட மிகக் குறைவு, ஆனால் அரை நாள் லீவு போட வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டுகளை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

இரண்டாவது ஆர்.டி. பணம்தான் இப்போது களிம்புக்கும் பரிசோதனைக்கும் போகிறது. 2024-இல் மூன்றாவதையும் தொடங்கிவிட்டேன். முதிரும்போது மிளகுக்கு 15 ஆகும். நடுவில் தேவைப்பட்டால் 3 வருடம் முடிந்ததும் மூடிக்கொள்ளலாம்.