கமாண்ட் லைன் ஆப்ஷனும் கான்ஃபிக் கோப்பும்: மோதினால் எது செல்லும்?

பழைய லாக் கோப்புகளை அழிக்கும் ஒரு பைதான் நிரலை எடுத்துக்கொள்வோம். எந்த ஃபோல்டர், எத்தனை நாள் பழையது, நிஜமாகவே அழிக்கவா அல்லது பட்டியல் மட்டும் காட்டவா (டிரை ரன்) என்ற மூன்றும் அதற்குத் தெரிய வேண்டும். வழக்கமான மதிப்புகள் கான்ஃபிக் கோப்பில் இருக்கட்டும். இன்றைக்கு மட்டும் மாற்ற வேண்டியதைக் கமாண்ட் லைனில் கொடுப்போம். இரண்டும் மோதினால் கமாண்ட் லைன்தான் செல்லும். இரண்டிலும் இல்லாதபோதுதான் நிரலுக்குள் எழுதிய டிஃபால்ட் மதிப்பு.

(பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நிரலில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

படி 1: இரண்டு கிளாஸ். அழிக்கும் வேலை ‘கிளீனர்’ கிளாஸுக்கு. மூன்று மதிப்புகளையும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்வதோடு சரி, ஸிஸ்.ஆர்க்வி (கமாண்ட் லைனில் தட்டியவை இருக்கும் லிஸ்ட்) பக்கமே அது போகக் கூடாது. மதிப்புகளைத் திரட்டுவது ‘செட்டிங்ஸ்’ கிளாஸ். அதன் மெத்தட் ஆர்க்யுமென்ட்களை ஒரு லிஸ்ட்டாக வாங்கட்டும். அப்போது டெஸ்ட் எழுதும்போது ['--டேஸ்', '7'] என்று நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

படி 2: கான்ஃபிக் கோப்பு.

[கிளீனர்]
ஃபோல்டர் = லாக்ஸ்
டேஸ் = 30
டிரை_ரன் = நோ

படி 3: முதல் பார்சர். கான்ஃபிக் கோப்பு எங்கே என்பதையே கமாண்ட் லைன்தான் சொல்லப்போகிறது. அதனால் ஆர்க்பார்ஸில் (கமாண்ட் லைனைப் படிக்கும் பைதான் நூலகம்) ஒரு குட்டிப் பார்சர் (ஆப்ஷன்களைப் பிரித்துப் படிப்பது) செய்து, --கான்ஃபிக் ஆப்ஷனை மட்டும் சேர்த்து, பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் மெத்தடை அழையுங்கள். தெரியாத ஆப்ஷன்களைப் பார்த்து அது சண்டை போடாது. ஆட்_ஹெல்ப்=ஃபால்ஸ் கட்டாயம். இல்லாவிட்டால் --ஹெல்ப் கேட்பவருக்கு ஒரே ஒரு ஆப்ஷனைக் காட்டிவிட்டு நிரல் முடிந்துவிடும்.

படி 4: கோப்பைப் படித்தல். கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் பைதான் நூலகமான கான்ஃபிக்பார்சரின் ரீட் மெத்தட், கோப்பு இல்லாவிட்டாலும் எரர் தராது; படிக்க முடிந்த கோப்புகளின் லிஸ்ட்டை மட்டும் திருப்பித் தரும். பயனர் --கான்ஃபிக் கொடுத்திருந்து அந்த லிஸ்ட் காலியாக இருந்தால், பார்சரின் எரர் மெத்தடை அழைத்து நிறுத்துங்கள். மதிப்பில் % குறி வரக்கூடும் என்றால் இன்டர்போலேஷன்=நன் என்று வையுங்கள்; இல்லாவிட்டால் அந்தக் குறியை, வேறொரு மதிப்பைச் செருகச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும்.

படி 5: முழுப் பார்சர். பேரன்ட்ஸ்=[முதல் பார்சர்] கொடுத்து, --ஃபோல்டர், --டேஸ் (டைப்=இன்ட்), --டிரை-ரன் மூன்றையும் சேருங்கள். பிறகு கோப்பில் கிடைத்தவற்றை, டிஃபால்ட் மதிப்புகளை மாற்றும் செட்_டிஃபால்ட்ஸ் மெத்தடுக்குக் கொடுத்து, கடைசியாகத்தான் பார்ஸ்_ஆர்க்ஸ். இந்த வரிசை சரியாக இருந்தால் எது செல்லும் என்ற கேள்விக்குத் தனியாக இஃப் எழுத வேண்டியதில்லை. ‘கமாண்ட் லைன் மதிப்பு ஆர் கோப்பு மதிப்பு’ என்று (ஆர் என்றால் ‘அல்லது’) சுருக்கமாக எழுதுபவர்கள் உண்டு; --டேஸ் 0 கொடுத்த அன்று, 0 பொய்யாகக் கணக்கிடப்பட்டு 30 வந்து நிற்கும்.

பெரும்பாலானோர் சறுக்குவது டிரை_ரன்னில்தான். கோப்பிலிருந்து வருவது எல்லாமே ஸ்ட்ரிங். டேஸுக்கு டைப்=இன்ட் இருப்பதால் '30' எண்ணாக மாறிவிடும். டிரை_ரன்னுக்கு அப்படி மாற்ற ஆளில்லை. 'நோ' என்பது காலியில்லாத ஸ்ட்ரிங், ஆகவே உண்மை. நிரல் எரர் இல்லாமல் ஓடும், ஒரு கோப்பும் அழியாது. கான்ஃபிக்பார்சரின் கெட்பூலியன் வைத்து ட்ரூ அல்லது ஃபால்ஸாக மாற்றியபின் கொடுங்கள். ஆப்ஷனில் இருக்கும் கோடு, கோப்பில் அடிக்கோடாக இருக்க வேண்டும். ‘டிரை-ரன்’ என்று எழுதினால் அது வேறொரு பெயராகப் போய் உட்கார்ந்துவிடும், பழைய டிஃபால்ட்டே நீடிக்கும்.

--டிரை-ரன்னுக்கு ஸ்டோர்_ட்ரூ போதாது. அதை ஆன் செய்யலாம், கமாண்ட் லைனிலிருந்து ஆஃப் செய்ய வழியில்லை. பைதான் 3.9 முதல் உள்ள பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன், --நோ-டிரை-ரன் என்பதையும் சேர்த்தே தரும். அழிக்கும் நிரல் என்பதால் நிரலுக்குள் டிஃபால்ட் ட்ரூவாக இருப்பதே நல்லது.

ஃபோல்டருக்கு ரிக்வயர்டு=ட்ரூ போட வேண்டாம். கோப்பில் மதிப்பு இருந்தாலும் ஆர்க்பார்ஸ் அதைக் கணக்கில் எடுக்காது, கமாண்ட் லைனில் கேட்டே தீரும். பார்ஸ் செய்தபின் மதிப்பு ஏதும் இல்லாமல் ‘நன்’ ஆக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

கோப்பில் உள்ள ‘லாக்ஸ்’ என்ற பாதை, கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அல்ல, நிரலை ஓட்டும் இடத்திலிருந்து தேடப்படும். கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானே ஓட்டும் வசதி) ஓட்டினால் அந்த இடம் எங்கோ இருக்கும். பாத்லிப் (பாதைகளைக் கையாளும் பைதான் நூலகம்) வைத்து, கோப்பின் பேரன்ட்டோடு (அது இருக்கும் ஃபோல்டர்) அந்தப் பாதையை இணைத்த பிறகே செட்_டிஃபால்ட்ஸுக்கு அனுப்புங்கள். கமாண்ட் லைனில் வந்த பாதையைத் தொட வேண்டாம். அதைத் தட்டியவர் தான் நிற்கும் இடத்தை மனதில் வைத்துத்தான் தட்டியிருப்பார்.