வாசிக்கத் தெரியுமா? ஒரு தாள், பத்து நிமிடம்

வருகைப் பதிவேட்டில் ஐந்தாம் வகுப்பு என்றிருக்கும். கையில் இரண்டாம் வகுப்புக் கதையைக் கொடுத்தால் பிள்ளை முதல் வரியிலேயே நின்றுவிடும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் எளிய பத்தியொன்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடிவதில்லை என்பது உலக வங்கியின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. உங்கள் தெருவில், உங்கள் மாலை வகுப்பில் நிலவரம் என்ன என்று அறிய அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாக நடத்திவரும் ‘அசர்’ கணக்கெடுப்பின் முறையே போதும். பாகிஸ்தானிலும் இது நடக்கிறது. கென்யாவில் ‘உவெசோ’ என்ற பெயரில் நடந்தது.

முதலில் தாள். நான்கு பகுதிகள் வேண்டும்: பத்து எழுத்துகள், பத்துச் சொற்கள், நான்கு வாக்கியப் பத்தி, எட்டு முதல் பத்து வாக்கியக் கதை. பத்தி ஒன்றாம் வகுப்புத் தரம், கதை இரண்டாம் வகுப்புத் தரம். எழுத்து, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். பத்தி இப்படி இருக்கலாம்:

மழை பெய்தது. தெருவில் நீர் ஓடியது. மாலா காகிதப் படகு விட்டாள். படகு வேகமாகப் போனது.

பாடநூலிலிருந்து ஒரு வரிகூட எடுக்காதீர்கள். பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். சொற்களை மீன், கோழி, தலை, கொடி, பானை, வீடு போல, குறிலும் நெடிலும் கலந்து, இரண்டெழுத்தில் எடுங்கள். இதே தரத்தில் மூன்று நான்கு தாள்கள் தயாராக இருக்கட்டும். ஒரே தாளென்றால், காத்திருக்கும் பிள்ளைகள் காதால் கேட்டே படித்துவிடுவார்கள்.

சோதனையைப் பத்தியில் தொடங்க வேண்டும். எழுத்தில் தொடங்கினால் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குச் சலிப்பு, உங்களுக்கு நேர விரயம். பத்தியைச் சொல் சொல்லாக அல்லாமல் வாக்கியமாக, மூன்று பிழைக்கு மேல் போகாமல் படித்தால் கதையைக் கொடுங்கள். கதைக்கும் அதே அளவுகோல். தேறினால் ‘கதை நிலை’, இல்லையென்றால் ‘பத்தி நிலை’. பத்தியிலேயே தடுமாறினால் சொற்களுக்கு இறங்குங்கள். எந்த ஐந்து சொல் என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். நான்கு சரியானால் சொல் நிலை. ஆனால் குறித்துக்கொள்ளும் முன் பத்தியை இன்னொரு முறை நீட்டுங்கள். கூச்சத்தில் தடுமாறிய பிள்ளை இரண்டாம் முறை படித்துவிடும். சொற்களும் வராவிட்டால் எழுத்துகள்: ஐந்தில் நான்கு சரியானால் சொற்களை மறுபடி காட்டிப் பார்த்து, அப்போதும் வராவிட்டால் எழுத்து நிலை. அதுவும் இல்லையென்றால் தொடக்க நிலை.

எது பிழை என்பதில்தான் சோதிப்பவர்கள் ஆளுக்கொரு விதமாகப் போவார்கள். ‘மழை’யை ‘மளை’ என்று சொல்வது ஊர் வழக்கு, பிழையல்ல. ‘பெய்தது’ என்பதைப் ‘பேஞ்சிச்சு’ என்று படித்தால் பொருள் புரிந்திருக்கிறது. “எழுதியிருக்கிற மாதிரியே படி” என்று சொல்லி மறுபடி கேளுங்கள். ‘படகு’ ‘பாடகு’ ஆனால் அது பிழை. பாதிச் சொல்லை எடுத்துக்கொடுப்பது, தலையாட்டுவது, முகம் சுளிப்பது எல்லாமே முடிவைக் கெடுக்கும். அம்மா பக்கத்தில் நின்றால் நிச்சயம் எடுத்துக்கொடுப்பார்; அவரிடம் வேறொருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது நல்லது.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எழுத்து நிலையைத் தாண்டிச் சொல் நிலைக்கு வராமல் இடையிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் பலர். காரணம் உயிர்மெய். கால் போட்டால் ‘கா’ என்பது சுலபம். ‘கெ, கே, கை’ என்பவற்றில் குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ, கோ’வில் குறி இருபுறமும் நிற்கிறது. ‘கு, டு, து, மு’ வரிசையில் பொதுவான குறியே இல்லை, எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ‘னா, லை’ போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. உகர வரிசையைத் தொடவில்லை. ஆகவே எழுத்து நிலைப் பிள்ளையிடம் கூடுதலாக ‘டு, கே, மோ, லை’ நான்கையும் காட்டி, எங்கே நிற்கிறது என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். மதிப்பெண்ணுக்காக அல்ல, மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதற்காக.

கணக்கும் இதே ஏணிதான். கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கு இரண்டு: 42–17, 61–28. இரண்டும் சரியானால் ஒரு வகுத்தல், 758 ÷ 6. ஈவு 126, மீதி 2, இரண்டும் சரியாக வேண்டும். கழித்தல் வராவிட்டால் ஈரிலக்க எண்களில் ஐந்தைப் படிக்கச் சொல்லுங்கள், அதுவும் வராவிட்டால் ஓரிலக்க எண்களில் ஐந்து. விடை தப்பினால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 42–17க்கு 35 வந்தால் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, இடமதிப்பு பிடிபடவில்லை. 26 வந்தால் அது வெறும் கவனக்குறைவாக இருக்கலாம்.

ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். முப்பது பேரை இரண்டு பேர் பார்த்தால் இரண்டரை மணி நேரம். பள்ளியில் வைத்துச் செய்தால் அன்று வராத பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். பெரும்பாலும் அவர்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்குப் போவதே சரி.

இனி குழு பிரிக்கலாம். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லோரையும் கலந்து, வகுப்பை மறந்து, நிலையைப் பார்த்து உட்கார வையுங்கள்: தொடக்கமும் எழுத்தும் ஒன்று, சொல் ஒன்று, பத்தியும் கதையும் ஒன்று. கணக்குக்குத் தனிப் பிரிவு, ஏனென்றால் வாசிப்பில் பின்தங்கியவர் கணக்கில் முந்தியிருப்பார். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் பிரதம் அமைப்போடு சேர்ந்து ஆய்ந்தது இந்தத் தரம்பார்த்துக் கற்பிக்கும் வழியைத்தான். ஜாம்பியா அரசும் தன் பள்ளிகளில் இதைக் கொண்டுவந்தது. குழுக்களுக்கு ‘அ, ஆ’ என்றோ ‘மெல்லக் கற்போர்’ என்றோ பெயர் வேண்டாம், மல்லி, முல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாள் வகுப்புக்குப் பிறகு வேறொரு தாளில் மறுபடி சோதியுங்கள். தேறிய பிள்ளையை அன்றே மேல் குழுவுக்கு அனுப்புங்கள், மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு சுற்றிலும் நகராத பிள்ளைக்குக் கண்பார்வையும் காதும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.