டெலவெயரில் வாங்கினாலும் நியூஜேர்சிக்குக் கட்டவேண்டிய வரி

நான் கொக்குவிலில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் நியூஜேர்சி மாநிலத்து எடிசனில் இருக்கும் என் மச்சாளின் கடைக்கணக்கைப் பார்க்கிறேன். குத்துவிளக்கு, சலங்கை, பரதநாட்டிய நகைச்செட், பூசைச் சாமான்கள் விற்கும் சின்னக் கடை. சித்திரை மாதத்தில் இங்கே பின்னேரம் ஏழு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. மச்சாள் கடை திறந்து விளக்கேற்றும் நேரத்தில் நான் தேத்தண்ணியோடு கணினிக்கு முன்னால் இருப்பேன்.

அங்கே இருக்கும் எங்கள் சனம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ரக்ஸ் இல்லாத மாநிலத்திலை வாங்கினால் ரக்ஸ் இல்லைத்தானே?" கடைக்காரருக்குக் கட்டவேண்டியது இல்லை, அது சரி. ஆனால் அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து பாவிக்கத் தொடங்கியதும் உங்கள் சொந்த மாநிலத்துக்குக் கட்டவேண்டிய வரி ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் யூஸ் ரக்ஸ் என்பார்கள். நான் அதைப் பாவனை வரி என்று எழுதுகிறேன். விற்பனை வரியும் பாவனை வரியும் நியூஜேர்சியில் 1966இல் ஒரே சட்டத்தில் வந்தவை. வீதமும் ஒன்றுதான்: 2018 ஜனவரி 1 முதல் 6.625 சதவீதம். விற்பவர் எடுத்துக் கட்டினால் அது விற்பனை வரி, விற்பவர் எடுக்காவிட்டால் வாங்கியவர் தானே கட்டுவது பாவனை வரி.

நான் இதை எழுதக் காரணம் ஒரு மடிக்கணினி. சில வருஷத்துக்கு முன்னர் மச்சாள் டெலவெயரில் உள்ள கிறிஸ்டியானா மோலில் 1,200 டொலருக்கு அதை வாங்கினார். டெலவெயரில் விற்பனை வரி கிடையாது. (அலாஸ்கா, மொன்டானா, நியூ ஹாம்ஷயர், ஒரிகன் ஆகிய நான்கிலும் மாநில விற்பனை வரி இல்லை. அலாஸ்காவில் சில ஊர்கள் தாமாக வரி எடுக்கும்.) அந்த வருஷம் வருமான வரிப் படிவத்தைக் காசு வாங்கி நிரப்பிக் கொடுத்தவர், பாவனை வரிக்கான இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் பூச்சியம் போட்டுவிட்டார். மச்சாள் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். நான் கணக்கைப் பொறுப்பெடுத்த பிறகு பழைய பற்றுச்சீட்டுகளைப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. 1,200 டொலருக்கு 79 டொலர் 50 சதம். அவ்வளவுதான் தொகை. ஆனால் அந்தப் பூச்சியத்துக்குக் கீழே, சொன்னதெல்லாம் உண்மை என்று மச்சாளின் கையெழுத்து இருந்தது. அது என் மனதை உறுத்தியது. என்.ஜே-1040எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டு, வட்டியோடு கட்டி முடித்தோம். அதன் பிறகு மாதத்துக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கி எப்படிச் செய்கிறோம் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை, ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் வரி என்று போட்ட இடத்தை மட்டும் தேடுவது. மொத்தத் தொகையைப் பார்க்கவேண்டாம், அது ஒன்றும் சொல்லாது. பொருளின் விலை, அனுப்பும் கூலி, வரி என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். வரிக்கு நேரே தொகை இருந்தால் அந்தச் சீட்டில் இன்னும் ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும்: அது 6.625 சதவீதம் வருகிறதா? வந்தால் அதை மூடி வைத்துவிடலாம்.

ஒன்லைனில் வாங்கும் பெரும்பாலான சாமானுக்கு இப்போது வரி எடுத்துவிடுகிறார்கள். அமேசன், தான் நேரே விற்கும் பொருளுக்கு 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனை வரி உள்ள எல்லா மாநிலத்திலும் எடுக்கிறது. 2018 ஜூன் 21இல் தென் டகோட்டா எதிர் வேஃபெயர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாநிலத்தில் கடையோ களஞ்சியமோ இல்லாத விற்பனையாளரிடமும் வரியை எடுத்துக் கட்டச் சொல்ல அந்த மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று ஆனது. நியூஜேர்சி அதே வருஷம் நவம்பர் 1 முதல் அதைச் சட்டமாக்கியது. ஆனால் அதில் ஒரு எல்லை இருக்கிறது. வருஷத்தில் 100,000 டொலருக்கு மேல் அல்லது 200 விற்பனை நியூஜேர்சிக்குச் செய்பவர்தான் எடுக்கவேண்டும். அதற்குக் கீழே, தன் சொந்தத் தளத்தில் விற்கும் சின்ன வியாபாரி எடுக்கமாட்டார். எங்கள் சனம் வாங்குவது கூடுதலாக இப்படிப்பட்டவர்களிடம்தானே! சலங்கை கட்டித் தருபவர், பித்தளை விளக்கு விற்பவர், வீட்டிலிருந்து நகைச்செட் அனுப்புபவர். வரி இல்லாத சீட்டுகள் அங்கேதான் சேரும்.

அடுத்தது, அந்தப் பொருளுக்கு உங்கள் மாநிலத்தில் வரி உண்டா என்று பார்ப்பது. வரி இல்லாத பொருளுக்குப் பாவனை வரியும் இல்லை. நியூஜேர்சியில் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் வரி இல்லை, சமைக்கும் சாப்பாட்டுச் சாமானுக்கும் இல்லை. ஆகவே கூறைச்சேலை எவ்வளவு விலை என்றாலும் பயப்படவேண்டாம். ஆனால் நகை, கைப்பை, மணிக்கூடு எல்லாம் உடுப்பில் சேராது, அவற்றுக்கு வரி உண்டு. ஒரே கலியாணத்துக்கு வாங்கியவற்றில் சேலை ஒரு பக்கம், காப்பு மறு பக்கம் என்று பிரியும். ஆற்றைத் தாண்டி நியூயோர்க்கில் இருப்பவருக்குக் கதை வேறு. அங்கே ஒரு உடுப்பு 110 டொலருக்குக் குறைவாக இருந்தால்தான் மாநிலத்தின் 4 சதவீதம் விடுபடும், பட்டுச்சேலை அதற்குள் நிற்காது. கலிபோர்னியாவில் உடுப்புக்கும் வரிதான், ஆகக் குறைந்த வீதமே 7.25 சதவீதம். ஆகவே மச்சாளின் கணக்கைப் பார்த்து அப்படியே எழுதாமல், நீங்கள் இருக்கும் மாநிலத்தின் அறிவுறுத்தலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தொகை. போன வருஷத்துக் கொப்பியிலிருந்தே காட்டுகிறேன்.

பென்சில்வேனியாவில் கிங் ஒஃப் பிரஷாவில் ஒரு தையல் மெசின், விலை 800 டொலர். அங்கே 6 சதவீதம், 48 டொலர் கட்டியாயிற்று. நியூஜேர்சிக் கணக்கில் 53 டொலர் வரவேண்டும். மிச்சம் 5 டொலர் மட்டும் பாவனை வரி. இன்னொரு மாநிலத்துக்குக் கட்டியதைக் கழிக்கலாம், ஆனால் பற்றுச்சீட்டு கையில் இருக்கவேண்டும். அதே மெசினை நியூயோர்க் நகரத்தில் 8.875 சதவீதம் கட்டி வாங்கியிருந்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. கூடக் கட்டியதை நியூஜேர்சி திருப்பித் தராது.

ஒன்லைனில் ஒரு சின்ன வியாபாரியிடம் வீட்டுச் சாமியறைக்கு வாங்கிய தூங்காவிளக்கு 160 டொலர், அனுப்பும் கூலி 24. இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். பொருளுக்கு வரி உண்டு என்றால் அனுப்பும் கூலிக்கும் நியூஜேர்சியில் வரி உண்டு. ஆகவே 184க்குக் கணக்குப் பார்க்கவேண்டும், 12 டொலர் 19 சதம்.

மூன்றாவது யாழ்ப்பாணத்தில் வாங்கியது. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது மச்சாள் கஸ்தூரியார் வீதியில் மூன்று பவுணில் ஒரு சோடி காப்பு வாங்கினார். கடைக்காரர் பற்றுச்சீட்டை எழுதப் பேனையைத் திறந்ததும், பக்கத்தில் நின்ற மாமி, "விலையைக் குறைச்சுப் போடச் சொல்லு பிள்ளை" என்று மெதுவாகச் சொன்னார். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நிறை, தங்கத்தின் விலை, செய்கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்கினோம். அன்றைய நாணய மாற்றில் 2,400 டொலர், அதன்படி பாவனை வரி 159 டொலர். வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழிக்க முடியாது, இதை நன்றாக மனதில் வையுங்கள். நியூஜேர்சிச் சட்டம் கழிக்க விடுவது வேறு மாநிலத்துக்கு, அல்லது அந்த மாநிலத்து ஊருக்குக் கட்டியதைத்தான். இலங்கையில் 18 சதவீத வற் (பெறுமதிசேர் வரி) கட்டி வாங்கிய பொருள் என்றாலும் அதே கதை. விமான நிலையத்தில் சுங்கத்துக்குச் சொல்வதும் இதுவும் வேறு வேறு: திரும்பி வருபவருக்கு சுங்கத்தில் இருக்கும் 800 டொலர் சலுகை மாநிலப் பாவனை வரியைத் தொடாது.

இங்கிருந்து பார்சல் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். யாழ்ப்பாணம் தபாற் கந்தோரில் சுங்கப் படிவத்தை நிரப்பும்போது, எல்லாவற்றுக்கும் "அன்பளிப்பு, 10 டொலர்" என்று எழுதும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அங்கே இருப்பவர் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் உண்மையான விலையை எழுதுங்கள். 800 டொலருக்குக் குறைந்த பார்சலுக்குத் தீர்வை இல்லை என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. பார்சலில் ஒரு விலை, பற்றுச்சீட்டில் இன்னொரு விலை என்று இருந்தால் மாட்டுப்படுவது பெற்றுக்கொள்பவர்தான். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவரைச் சிக்கலில் விடவேண்டாம்.

எங்கே எழுதிக் கட்டுவது? வீட்டுக்கு வாங்கியவை என்றால் வருமான வரிப் படிவமான என்.ஜே-1040இலேயே பாவனை வரிக்கு ஒரு இடம் இருக்கிறது. அங்கே கூட்டுத்தொகையை எழுதி வருமான வரியோடு சேர்த்து ஏப்ரல் 15க்குள் கட்டிவிடலாம். சீட்டுகள் இல்லாதவருக்கு வருமானத்தைப் பொறுத்து மதிப்பீட்டுத் தொகை சொல்லும் அட்டவணை ஒன்று அறிவுறுத்தலில் இருக்கிறது. அது 1,000 டொலருக்குக் குறைந்த பொருட்களுக்கு மட்டும்தான். மடிக்கணினி, காப்பு மாதிரி பெரியவற்றை எப்படியும் தனியாகக் கணக்குப் பார்த்துக் கூட்டவேண்டும். வாங்கியது ஒன்றுமே இல்லை என்றால் பூச்சியம் எழுதுங்கள், ஆனால் யோசித்து எழுதுங்கள். நியூயோர்க் படிவம் ஐ.ரி-201இலும் அப்படி ஒரு இடம் உண்டு, அதை வெறுமையாக விடக்கூடாது.

கடை வைத்திருப்பவருக்கு இன்னும் ஒன்று. திருப்பி விற்க வாங்கும் சரக்குக்கு எஸ்.ரி-3 என்ற சான்றிதழைக் கொடுத்தால் மொத்த வியாபாரி வரி எடுக்கமாட்டார். விற்கும்போது நீங்கள் வாடிக்கையாளரிடம் எடுத்துக் கட்டுவீர்கள். ஆனால் அந்தச் சரக்கில் ஒன்றை வீட்டுக்கு எடுத்தால்? கார்த்திகை விளக்கீட்டுக்கு மச்சாள் கடையிலிருந்து இரண்டு குத்துவிளக்கு எடுத்துப்போனார். ஒன்று 40 டொலருக்கு வாங்கியது, இரண்டும் 80. அந்த வாங்கிய விலைக்கு 5 டொலர் 30 சதம் பாவனை வரி. இது வருமான வரிப் படிவத்தில் வராது, காலாண்டுக்கு ஒருமுறை போடும் எஸ்.ரி-50இல் வரும். காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் போடவேண்டும். கடையிலிருந்து எதை வீட்டுக்கு எடுத்தாலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன், மச்சாள் தவறாமல் எழுதுகிறார். கடைக்கு வாங்கும் றாக்கை, மேசை விளக்கு போன்றவற்றுக்கும் இதே வழிதான்.

சீட்டுகளைக் குறைந்தது நான்கு வருஷம் வைத்திருங்கள். வெயில் படும் மேசையில் கிடந்தால் அச்சு மங்கிப் போகும், ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். என் கொப்பியில் ஒரு பொருளுக்கு ஒரு நிரை: திகதி, எங்கே வாங்கியது, விலையோடு கூலி, கட்டிய வரி, கட்டவேண்டிய மிச்சம்.

இந்த முறை வருடப்பிறப்புக்கு முதல் நாள் இருந்து முடித்தோம். அங்கே கடைசித் திகதி ஏப்ரல் 15 என்பதால் எங்களுக்குப் புதுவருஷ வேலையோடு சேர்ந்தே இது வரும். தையல் மெசின் 5, விளக்கு 12.19, காப்பு 159, கூட்டினால் 176 டொலர் 19 சதம். மச்சாள் தொகையைத் தானே எழுதி, மேலே இருந்து கீழே வரை வாசித்து, பிறகு கையெழுத்து வைத்தார். கட்டியதற்கான உறுதி இலக்கத்தை அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். பக்கத்தைப் புரட்டி, தை மாதம் தொடக்கம் சேர்ந்திருந்த மூன்று சீட்டுகளை அடுத்த வருஷத்துக் கணக்கில் பதிந்தேன்.