இணையவழிப் பாடம்: விரிவுரையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 18இல் மலேசியாவில் கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பல்கலைக்கழக வகுப்புகள் அவசர அவசரமாக இணையத்துக்கு மாறின. அந்த நேரத்தில் நடந்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று பழகிய தவறுகளைச் சில விரிவுரையாளர்கள் இன்னும் விடவில்லை; சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களிலிருந்து படிக்கும் நம் பிள்ளைகள்தான் அதில் அடிபடுகிறார்கள்.

பெரிய தவறு, எல்லாவற்றையும் நேரலையிலேயே நடத்துவது, அதிலும் கேமராவைத் திறந்தால்தான் வருகைப் பதிவு என்பது. ஜூமில் பலர் சேர்ந்த காணொளி வகுப்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு ஜிபி டேட்டா போய்விடும், தரம் கூடினால் இரண்டையும் தாண்டும். செம்பனைக்கு நடுவே இருக்கும் லயத்து வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரே கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் படிக்கும்போது லைன் விட்டு விட்டுத்தான் வரும், கடைசியில் அந்தப் பிள்ளை வகுப்புக்கே வரவில்லை என்று பதிவாகிவிடும். அதே விளக்கத்தைக் குரலாக மட்டும் 64 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்தால் 20 நிமிடப் பேச்சு 10 எம்பிக்குள் அடங்கும். கூடவே ஸ்லைடுகளை பிடிஎஃப்பாகக் கொடுங்கள், லைன் கிடைக்கிற நேரத்தில் இறக்கிக் கேட்டுக்கொள்வார்கள். நேரலையைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பதிந்து கொடுக்கிறேன் என்று இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடக் காணொளிகளைப் பற்றி 2014இல் வந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. தலைப்புவாரியாக வெட்டிக் கொடுங்கள்.

அப்புறம், குறிப்பு மூடல் (Moodle) என்ற கற்றல் தளத்தில், அறிவிப்பு புலனத்தில் (வாட்ஸ்அப்), ஒப்படைப்பு டெலிகிராமில் என்று சிதறவிடுவது. ஐந்து பாடம் எடுக்கும் மாணவர் எதை எங்கே தேடுவார்? எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், புலனத்தில் நினைவூட்டினால் போதும்.

தேர்வில்தான் என் மனம் அதிகம் பதறுகிறது. 2020இல் சபாவில் ஒரு மாணவி லைனுக்காக மரத்தில் ஏறி இருந்து தேர்வு எழுதியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகும், நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் தேர்வை வைத்துவிட்டு, இடிமழையில் லைன் போன பிள்ளைக்குச் சுழியம் போடுவது எந்த விதத்தில் நியாயம்? மூடலில் ஒரு குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டிக்கலாம், இன்னொரு வாய்ப்பும் கொடுக்கலாம். தேர்வுக்கு முன்பே அதைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், லைன் போனால் யாரிடம், எந்த எண்ணில் சொல்வது என்பதையும் கேள்வித்தாளின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.