மண் பாதுகாப்பு மாவட்ட போர்டில் சேர்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா கவுண்டியிலும் (மாநிலத்தின் உட்பிரிவு) மண், நீர் பாதுகாப்பு மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு ஒன்று உண்டு. மொத்தம் சுமார் 3,000. 1930களின் புழுதிப்புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபின், 1935இல் மத்திய அரசு மண் பாதுகாப்புச் சட்டம் போட்டது. வாஷிங்டன் அதிகாரி சொன்னால் விவசாயி கேட்பாரா? பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னால் கேட்பார். உள்ளூர் போர்டு பிறந்தது இப்படித்தான். முதல் மாவட்டம் 1937இல் வட கரோலினாவின் பிரவுன் கிரீக்கில் அமைந்தது. மண் காக்கப் போராடிய ஹ்யூ ஹேமண்ட் பென்னட் பிறந்த ஆன்சன் கவுண்டியில்தான் அது இருக்கிறது.

இதை மரம் நடும் மன்றம் என்று நினைத்து வருவதுதான் முதல் தவறு. இது அரசு அமைப்பு. பட்ஜெட், மானிய விண்ணப்பம், தணிக்கை என்றுதான் மாலை கழியும். வட கரோலினாவில் ஐந்து பேர் போர்டு: மூவர் தேர்தலில் வருகிறார்கள், இருவர் நியமனம். நம்மவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் இந்தத் தேர்தலில் பங்கெடுக்கும் ஆர்வத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துவிட்டால், பின்னால் குடியுரிமை கிடைப்பதற்கே ஆபத்து. ஓட்டில்லாத துணை உறுப்பினராக வரலாமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

மானியம் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். உங்கள் அண்ணன் விண்ணப்பம் வந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள், அது கூட்டக் குறிப்பில் (மினிட்ஸ்) ஏறட்டும். "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று உட்கார்ந்திருப்பது தப்பு.

வாயை அடக்காததுதான் பெரிய தவறு. ஒருவர் நிலத்தில் எங்கே அரிப்பு, எத்தனை மாடு, சாணிக்குட்டை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவர் நம்பிக் கொடுத்த விவரம். மத்திய அரசுத் திட்டங்களுக்காகக் கொடுத்ததை 2008 விவசாயச் சட்டத்தின் 1619ஆம் பிரிவே பாதுகாக்கிறது. விருந்தில் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன ஒரு வரி போதும், அடுத்த விவசாயி அலுவலகப் படி ஏற மாட்டார். அவர் தானாக வந்தால்தான் இங்கே வேலை நடக்கும்; பெரும்பாலான மாவட்டங்களுக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது.

அப்புறம், பார்த்தவுடன் யோசனை சொல்வது. ஒரு சோயா வயலில் இடுப்பளவு ஓடை அறுத்திருந்தது. "புல் விதைத்தால் நின்றுவிடுமே" என்றேன். விவசாயி பதில் சொல்லாமல் மேட்டைக் காட்டினார். அங்கே புதுக் குடியிருப்பு. அத்தனை கூரைத் தண்ணீரும் ரோட்டுத் தண்ணீரும் ஒரே குழாயில் அவர் வரப்பில் வந்து விழுகிறது. அவர் உழவில் ஒரு குறையும் இல்லை. கரையோரம் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கொடுத்தார். பொலபொலவென்று இருந்தது, நடுவில் மண்புழுத் துளை. இப்போதெல்லாம் பெருமழை பெய்த மறுநாள் மாவட்ட அலுவலக டெக்னீஷியனோடு போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் அந்த வயலைப் பற்றிப் பேசுகிறேன்.