கருத்தரங்குக்குப் போன ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கட்டுரை வாசிக்க முதன்முறை ஒரு புது ஊருக்குப் போகிறவர்களில் பலர் விடுதியையும் அரங்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் நேரமே கிடைக்கவில்லை என்பார்கள். நேரம் கிடைக்கும், ஆனால் ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதற்கு ஏற்றபடி ஊரைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. நிகழ்ச்சி நிரலில் வட்டம் போடுங்கள்

கிளம்புவதற்கு முன்பே நிரலை எடுத்து, உங்கள் அமர்வு, உங்கள் துறையின் முக்கிய உரைகள், நேரில் சந்தித்தே ஆகவேண்டியவர் பேசும் நேரம் ஆகியவற்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். மீதியில் எதை விடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். நீங்கள் வாசிக்கிற அன்று, வாசித்து முடிக்கும்வரை எங்கும் போகாதீர்கள். மதியம்தானே என் அமர்வு என்று ஒருமுறை காலையில் கிளம்பிப் போய், திரும்பும் வழியில் ரயில் நின்றுவிட்டது. அந்த நாற்பது நிமிடப் பதற்றத்தில் அதுவரை பார்த்த எதுவுமே மனதில் நிற்கவில்லை.

2. வரைபடம்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். கூகுள் மேப்ஸில் ஊரை இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இணையம் இல்லாதபோது அது வண்டி ஓட்டும் வழியைத்தான் காட்டும், நடக்கும் வழியையோ பேருந்து வழியையோ காட்டாது. அதனால் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலி ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலே நடைவழி சொல்லும். அப்புறம் அரங்கத்தை மையமாக வைத்து ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாதாரண நடைக்கு அது இருபது நிமிடம் சொச்சம், அதாவது மதிய இடைவேளையில் போய்விட்டு வரக்கூடிய தூரம். ஒரு பூங்கா, பழைய கட்டடம், ஆற்றங்கரை என்று ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும்.

3. மூடியிருக்கும் நாட்கள்

பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பாரிஸின் லூவருக்குச் செவ்வாய். சில இடங்களில் வாரத்தில் ஒருநாள் இரவு வரை திறந்திருக்கும். அந்த மாலை உங்களுடையது, அன்றைக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. காலை நேரம்

எனக்குப் பிடித்த நேரம் இதுதான். மேற்கு நோக்கி நீண்ட தூரம் பறந்து வந்திருந்தால் எப்படியும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், உடல் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். புரண்டு படுக்காமல், வெளிச்சம் வந்ததும் கிளம்பி முதல் அமர்வுக்கு முன்பு ஒரு மணி நேரம் நடங்கள். தினமும் ஒரே திசையில் போகாமல் இன்று கிழக்கு, நாளை தெற்கு என்று மாற்றிக்கொண்டால் நான்கு நாளில் அந்தப் பகுதி உங்களுக்குப் பழகிவிடும். பத்து இடத்தை எட்டிப் பார்ப்பதைவிட ஒரு பேட்டையைக் காலால் அறிவது எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

5. உள்ளூர் ஆட்களிடம் கேளுங்கள்

ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்து மாட்டி, பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டர் அமர்வில் அந்த ஊர் ஆய்வு மாணவர்கள் நிற்பார்கள். “இங்கே என்ன பார்க்கலாம்?” என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பட்டியல்தான் வரும். “விடுமுறை நாளில் நீங்கள் எங்கே போவீர்கள்?” என்று கேளுங்கள். பதிவு மேசையிலும், கருத்தரங்குக் கட்டணத்தோடு பேருந்து, ரயில் பாஸ் ஏதும் தருகிறார்களா என்று விசாரியுங்கள், சில இடங்களில் தருவதுண்டு. அரங்கை விட்டு வெளியே வந்ததும் கழுத்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், உங்கள் பெயரும் நிறுவனமும் தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை.

6. கூடுதலாக ஒருநாள்

தங்க ஆசை இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே பணம் தரும் நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விசா நாட்களையும் எண்ணிப் பாருங்கள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். இன்னொன்று, போஸ்டர் இருந்தால் துணியில் அச்சடியுங்கள். மடித்துப் பையில் வைத்துவிடலாம். கடைசி நாள் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்தால், வண்டி ஏறும்வரை இரண்டு கையையும் வீசி நடக்கலாம்.